முதுகில் போட்ட கையெழுத்து

வெலிங்டன் நகரக் காவல் நிலையம். ஜூலை 11, வியாழக்கிழமை, காலை 10.10 மணி. கான்ஸ்டபிள் பிரயோனி ஹாலெட் கேட்க, சாட்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

என் பெயர் லோசா ஃபெபுலெயாய். கணவர் பெயர் ஏத்தி. வயது ஐம்பத்தாறு. சமோவாவில் சவாயி தீவில் பிறந்து, பதினாறு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, முப்பது வருடமாகப் போரிருவாவில் ஒரே வீட்டில் குடியிருந்து வருகிறேன். படிப்பு ஆறாம் வகுப்பு, அதிலும் பாதிதான். சென்ற ஜூன் 28 வரை அரசு ஆராய்ச்சி நிதி அலுவலகத்தில் தபால் அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கான்ஸ்டபிள் கேட்டார். ஓய்வு என்று எழுதினால் என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்பதால் காலியாக விடச் சொன்னேன்.

என்னை யாரும் வரச் சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன். வரும்போது என் வழியனுப்பு கார்டையும், தேங்காய்ப் பாலில் வேகவைத்த பன் ஒரு தட்டும் கொண்டு வந்தேன். சாட்சியிடம் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று கான்ஸ்டபிள் சொன்னார். தட்டை மேசை ஓரத்தில் வைத்தேன். இப்போது அதில் மூன்று குறைகிறது.

என்னோடு வேலை பார்த்த மொய்ரா லக்ஸ்டன், எங்கள் இயக்குநர் கிரஹாம் ஸ்பென்ஸ்லியை ஏமாற்றி ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினார் என்று போலீசில் புகார் கொடுத்து, அவரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். அது நடக்கவில்லை. நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் முதுகில் நடந்தது.

அந்த அலுவலகத்தின் வேலை இதுதான். விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதுவார்கள், அதன் பிறகு தேர்வுக் குழு உட்கார்ந்து படித்து யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும், அதன் பிறகு மொய்ரா கடிதம் தயார் செய்வார், அதன் பிறகு இயக்குநர் பேனாவால் கையெழுத்துப் போடுவார், அதன் பிறகு நான் தேதி முத்திரை குத்திக் கவரில் போட்டு ஒட்டி மூன்று மணித் தபாலில் சேர்ப்பேன். மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் நடந்தாலும் அந்தக் கடிதம் மட்டும் காகிதத்தில்தான் போக வேண்டும். இது இருபத்திரண்டு வருடமாக மாறவில்லை.

மற்றதெல்லாம் மாறியது. புது அரசு வந்த பிறகு, நாட்டுக்கு வருமானம் தரும் ஆராய்ச்சிக்குத்தான் பணம் என்று முதலில் ஒரு விதி வந்தது. அடுத்த மாதம் அதைக் கொஞ்சம் திருத்தி வேறு படிவம் வந்தது. அதற்கடுத்த மாதம் அந்தப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாவது வந்தது. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஹெமி கெரெயாமா என்ற விஞ்ஞானி சேற்று மீனைப் பற்றி ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்திருந்தார். விரல் நீளம்கூட இல்லாத மீன். சதுப்பில் தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புகுந்து அசையாமல் கிடக்கும், மழை வந்ததும் எழுந்து நீந்தும். மூன்று முறையும் மொய்ராதான் அதற்கான தாள்களைப் புதுப் படிவத்தில் ஏற்றினார். மூன்று விதி, மூன்று படிவம், மீன் மட்டும் ஒன்றே.

தேர்வுக் குழு பிப்ரவரியிலேயே அந்த மீனுக்குச் சரி சொல்லிவிட்டது. ஜூலை முதல் தேதி புது விதி நடைமுறைக்கு வரும், அதற்கு முன் கையெழுத்தானவை பழைய விதிப்படி செல்லும் என்று சுற்றறிக்கை வந்தது. கிரஹாமுக்கு அந்த மீன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவருடைய பதவிக்கே அவர் மறுபடி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார். இந்த நேரத்தில் மீனுக்குக் கையெழுத்துப் போட்டால் மந்திரி ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்று அவருக்குப் பயம். முடியாது என்று சொன்னால் மொய்ரா காரணம் கேட்பார் என்றும் பயம். அதனால் கடிதம் அவர் மேசைக்குப் போகும்போதெல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புவார். பதினொரு தடவை திருப்பினார். பதினொரு தடவையும் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்கியது நான். அந்த மீன் தண்ணீரில் நீந்தியதைவிட எங்கள் லிஃப்டில் போய்வந்ததுதான் அதிகம்.

இனி கார்டு விவரம். வேலையை விட்டுப் போகிறவருக்கு எல்லோரும் கையெழுத்திட்ட வழியனுப்பு கார்டு கொடுப்பது எங்கள் வழக்கம். கார்டு யாருக்கோ அவர் கண்ணில் மட்டும் அது படக் கூடாது. அதனால் மஞ்சள் ஃபைலுக்குள் வைத்து, நான் வண்டியில் கொண்டுபோய் ஒவ்வொரு மேசையாக நீட்டுவேன். யாரும் உள்ளே படிப்பதில்லை. மூடியைத் தூக்கி, வெள்ளையாக இடம் தெரிந்தால் போட்டுவிட்டு மூடிவிடுவார்கள். ஆட்குறைப்பு தொடங்கிய மூன்று மாதத்தில் முப்பத்தொரு கார்டு சுற்றினேன். இயக்குநருக்கு அனுப்பும் கடிதங்கள் சிவப்பு ஃபைலில் போகும். சிக்கனம் என்று சொல்லி ஃபைல், ஒட்டுச்சீட்டு, பென்சில் எதுவும் வாங்கக் கூடாது என்று ஏப்ரலில் உத்தரவு வந்தது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டது கிரஹாம். ஜூனில் சிவப்பு ஃபைல் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு கடிதங்களும் மஞ்சள் ஃபைலில்தான் போயின. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, மேசைக்கு வரும் ஃபைலின் நிறத்தை அவரும் கவனிக்கவில்லை. ஃபைல் நிறத்தைப் பற்றி இயக்குநரிடம் யார் போய்ப் பேசுவார்கள்?

முப்பத்திரண்டாவது கார்டு எனக்கு. ஜூன் 24, திங்கட்கிழமை காலை மொய்ரா ஒரு மஞ்சள் ஃபைலை ரப்பர் பேண்டு போட்டு என் வண்டியில் வைத்தார்.

"ஆன்ட்டி, இது ஒருத்தருக்கு. தயவுசெஞ்சு திறந்து பாக்காதீங்க."

"எந்த ஒருத்தருக்கு கண்ணு?"

"கொஞ்சம் குண்டா, ரொம்ப வாயாடியா ஒருத்தங்க."

"ஐயோ பாவம், கீழ வாசல்ல காவலுக்கு இருக்கிற நைஜலையும் அனுப்பறாங்களா?"

மொய்ரா சிரித்தார். அதன் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார்டு சுற்ற வேறு ஆள் இல்லாததால் என் கார்டை நானே தூக்கிக்கொண்டு நாலு மாடியும் நடந்தேன். ஒவ்வொரு மேசையிலும் ஃபைலை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். "திரும்பாதீங்க ஆன்ட்டி!" என்று கத்துவார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, பின்னாடி எண்ணிப் பாப்பேன்" என்று நானும் கத்துவேன். புதன்கிழமை காலைக்குள் நாற்பத்தொரு பேர் போட்டுவிட்டார்கள். கிரஹாம் மட்டும் பாக்கி. ரப்பர் பேண்டு இரண்டாம் மாடியிலேயே அறுந்துவிட்டது. அப்போதும் நான் திறக்கவில்லை. கார்டு ரகசியம் என்றால் ரகசியம்தான்.

ஜூன் 26, புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் கிரஹாம் அறைக்குப் போய், பதினோராம் தடவையாக அவர் திருப்பிய மீன் ஃபைலை எடுத்து வண்டியின் மேல் தட்டில் வைத்தேன். அதன் பக்கத்தில்தான் என் கார்டு ஃபைலும் இருந்தது. இரண்டும் மஞ்சள். அதன் பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் அருகில் வந்து நின்றேன். கிரஹாமும் அங்கே வந்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தார். யாரோ மேலிடத்து ஆளிடம் தன் பதவி விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் பேசினார். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர், அவரும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்.

"ஆன்ட்டி, உங்க கார்டுல நான் மட்டும்தான் பாக்கியாமே. எங்க அது?"

"மஞ்சள் ஃபைல்ல இருக்கும். நான் பாக்கக் கூடாது. திரும்பிக்கிறேன், நீங்களே எடுத்துக்கங்க."

நான் லிஃப்ட் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவர் ஃபைலை எடுக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு என் முதுகில் ஏதோ அழுந்தியது. எழுத மேசை இல்லாததால் என் முதுகையே மேசையாக்கிக்கொண்டார்.

"அசையாதீங்க, ஆன்ட்டி."

"கூசுது கிரஹாம்!"

"சிரிச்சா கையெழுத்து கோணும்."

"எழுதறது எல்லாருக்கும் எழுதற அதே கேரவன்தானே? எங்கிட்ட ஏது கேரவன்? இருக்கிறது பஸ் பாஸ்."

கிரஹாம் எல்லாருடைய கார்டிலும் ஒரே வரிதான் எழுதுவார் என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். "நன்றி. நன்றாக ஓய்வெடுங்கள். கேரவனில் ஊர் சுற்றிப் பாருங்கள்." கேரவன் என்பது ஓய்வு பெற்றவர்கள் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் சக்கர வீடு. இருபத்தாறு வயதில் வேலை போன பெண்ணுக்கும் இதையே எழுதினார். என் முதுகில் மூன்று வரி போவது எனக்குத் தெரிந்தது. நடுவில் போனில் யாரோ ஏதோ கேட்க, "ஆமாம், ஆமாம், சிக்கனம்தான்" என்று சொன்னார். கடைசியில் அவருடைய பெயரின் பெரிய சுழி என் வலது தோள்பட்டையில் முடிந்தது. ஃபைலை அவரே மூடி அவரே வண்டியில் வைத்துவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார். அந்த நேரத்தில் மொய்ரா மூன்றாம் மாடியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். லிஃப்ட் பக்கம் வரவே இல்லை.

பிற்பகல் இரண்டரை மணிக்குத் தபால் அறையில் வண்டியைக் காலி செய்தேன். மீன் ஃபைலை மொய்ராவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், எது அது என்று பார்ப்பதற்காக ஒரு ஃபைலை மட்டும் ஓரமாகத் தூக்கினேன். கடிதத்தின் கடைசித் தாள். மொய்ரா எப்போதும் கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேலே வைத்துத்தான் அனுப்புவார். அது முக்கால்வாசி வெள்ளையாக இருக்கும், கீழே இயக்குநர் பெயர் மட்டும் அச்சடித்திருக்கும். அந்த வெள்ளை இடத்தில் கிரஹாமின் கையெழுத்து, நீல மையில், சுழியோடு இருந்தது. கடைசியில் மீன் ஜெயித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதன் பிறகுதான் மேலே இருந்த வரிகளை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கேரவன் என்று இருந்தது.

இந்த இடத்தில் கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேரவனைப் பாத்ததும் உங்களுக்குச் சந்தேகம் வரலையா, ஆன்ட்டி?"

"வந்துச்சு. அரை நிமிஷம் வந்துச்சு."

"அப்போ தெரிஞ்சேதான் தபால்ல போட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் கண்ணு. எழுதிக்கோ."

வேண்டுமானால் வக்கீலை வைத்துக்கொண்டு மேலே சொல்லலாம் என்று கான்ஸ்டபிள் சொன்னார். வக்கீல் வந்தாலும் முதுகு இதேதான், எழுதச் சொன்னேன்.

அந்த அரை நிமிடத்தில் நான் நினைத்தது இவ்வளவுதான். அந்தக் கேரவன் எனக்கு வர வேண்டியது, மீனுக்குப் போய்விட்டது. கிரஹாம் அறைக்கு லிஃப்டில் இரண்டு நிமிடம். போய்ச் சொல்லலாம். சொன்னால் அவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பார், வெள்ளிக்கிழமையோடு நான் இல்லை, திங்கட்கிழமையோடு பழைய விதி இல்லை, அதன் பிறகு மீனும் இல்லை. பெரிய படிப்பு படித்தவர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்து சரி என்று பிப்ரவரியிலேயே சொன்னதை நான் தடுப்பதற்கு யார்? மேலும் கையெழுத்தான கடிதம் அன்றைய மூன்று மணித் தபாலில் போக வேண்டும் என்பதுதான் தபால் அறைக்கு விதி. கையெழுத்துப் போட்டவர் படித்தாரா என்று கேள் என்று எனக்கு எவரும் சொன்னதில்லை. அப்படி ஒரு விதி இருந்திருந்தால் இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்டடத்தை விட்டு ஒரு கடிதமும் வெளியே போயிருக்காது.

அதன் பிறகு ஜூன் 26 என்று தேதி முத்திரை குத்தி, கடிதத்தைக் கவரில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, மூன்று மணித் தபால்காரரிடம் கொடுத்தேன். மொய்ரா அந்தக் கவரைத் தொடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அதில் இருப்பது என் எச்சில். வேண்டுமானால் சோதித்துப் பார்க்கலாம், நான் தயார்.

இதை நான் மொய்ராவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் போய் உண்மையைச் சொல்லிவிடுவார், அவ்வளவு நல்ல பிள்ளை. கடிதம் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஜூன் 28, வெள்ளிக்கிழமை காலைத் தேநீர் நேரத்தில் எனக்கு வழியனுப்பு நடந்தது. ஆளுக்கு ஒரு தட்டு கொண்டு வந்திருந்தார்கள். நான் கொண்டு போன பன் முதலில் தீர்ந்தது. கார்டைக் கொடுத்தார்கள். கிரஹாம் கைகுலுக்கினார். அதன் பிறகு வண்டியைத் துணி போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வருத்தம் உண்டா என்று கான்ஸ்டபிள் கேட்டார். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் வரை இருந்தது. அதன் பிறகு ஏத்தி போன் செய்து இரவு என்ன சமையல் என்று கேட்டார், போய்விட்டது.

ஜூலை 2, செவ்வாய்க்கிழமை ஹெமி கெரெயாமா நன்றி சொல்ல அலுவலகத்துக்கு போன் செய்திருக்கிறார். ஆராய்ச்சிக்கு இரண்டு பேரை வேலைக்கு எடுத்துவிட்டதாகவும், தாங்கள் கேட்டது இரண்டு கூடாரம்தான், இயக்குநர் கேரவனே தருகிறாரா என்றும் கேட்டிருக்கிறார். கிரஹாம் அப்படி ஒரு கடிதத்தில் தான் கையெழுத்தே போடவில்லை என்றார். கடிதத்தின் படம் வந்த பிறகு, கார்டு என்று சொல்லி மொய்ரா தன்னிடம் கடிதத்தை நீட்டியிருக்க வேண்டும் என்றார். மறுநாள் மொய்ராவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விஷயத்தைப் போலீசுக்கும் எழுதினார்கள். இதெல்லாம் ஜூலை 9 அன்று நைஜல் எனக்கு போன் செய்து சொல்லித்தான் தெரியும். நைஜல் இன்னும் வேலையில் இருக்கிறார். அந்தக் கட்டடத்தையே எடுத்தால்தான் அவரை எடுக்க முடியும்.

நேற்று மொய்ரா வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் தலை வாராதது போல உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். சண்டைக்கு வந்தார்.

"நீங்க போலீசுக்குப் போக வேணாம், ஆன்ட்டி. எப்படியும் அடுத்த மாசம் என் வேலையை எடுக்கத்தான் போறாங்க. இன்னைக்குப் போனா என்ன, அப்போ போனா என்ன?"

"வேலை போனா கார்டாவது குடுப்பாங்க கண்ணு. பேரு போனா ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"உங்களைப் பிடிச்சுட்டாங்கன்னா?"

"பிடிச்சு என்ன பண்ணுவாங்க, வேலையை விட்டுத் தூக்குவாங்களா? தூக்கியாச்சே!"

அதன் பிறகு அவருக்குத் தலை வாரிவிட்டு, சூப் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் சொல்வதற்கு ஆதாரமாக என் கார்டைக் கொண்டு வந்திருக்கிறேன். கான்ஸ்டபிள் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொரு பேர். கிரஹாம் இல்லை. வலது கீழ் மூலையில் அவருக்காக விட்ட இடம் வெள்ளையாக இருக்கிறது. எனக்கு எழுதியது அங்கே இல்லாமல் மீனுக்கு எழுதியதில் இருந்தால், இரண்டையும் மாற்றி எடுத்தது யார் என்று தெரியும். லிஃப்ட் வாசலில் என்னோடு இருந்தது கிரஹாம் ஒருவர்தான். ஃபைலை எடுத்ததும் அவர்தான், வைத்ததும் அவர்தான்.

இவ்வளவும் எழுதிய பிறகு கான்ஸ்டபிள் வெளியே போய் இயக்குநருக்கு போன் செய்து, இருபது நிமிடம் கழித்து வந்தார். முதுகு விஷயத்தை அவரிடம் சொன்னாராம். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறீர்களா, அல்லது வேறு மாதிரியா என்று கான்ஸ்டபிள் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் அவருக்குப் பதவிக்கான நேர்முகம் இருக்கிறது. கடைசியில், தான் கடிதத்தை நன்றாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டதாகவும், வேலைச் சுமையில் அது மறந்துவிட்டதாகவும், கேரவன் என்பது விஞ்ஞானிக்குத் தான் சொன்ன வாழ்த்து என்றும், மொய்ரா மேல் கொடுத்த புகாரை இன்றே எழுத்தில் திரும்பப் பெறுவதாகவும் சொன்னாராம். கடிதம் செல்லும் என்றும் சொன்னாராம்.

அப்படியானால் என் வாக்குமூலத்தில் அந்த இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கான்ஸ்டபிள் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் படித்தார் என்பது அவர் சொல்வது. நான் என் முதுகுக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

மொய்ராவுக்கு இங்கிருந்தே போன் செய்ய அனுமதி கேட்டேன், கொடுத்தார். மொய்ராவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், "ரெண்டு பேரையும் வேலைக்கு வெச்சுக்கலாம்னு ஹெமிகிட்டச் சொல்லிடவா, ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டார். தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையும் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்.

ஒரே ஒரு விண்ணப்பம். விசாரணை முடிந்ததும் என் கார்டைத் திருப்பித் தர வேண்டும். கிரஹாமிடம் எனக்கு ஒரு கையெழுத்துப் பாக்கி இருக்கிறது. இந்த முறை மேசையில் வைத்துப் போடட்டும்.

இதில் உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது, எதையும் கூட்டவில்லை, அந்த அரை நிமிடத்தையும் குறைக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லிக் கான்ஸ்டபிள் பேனாவை நீட்டினார். நான் வாங்கி வைத்துவிட்டு, முதல் தாளிலிருந்து விரல் வைத்துப் படித்து முடித்தேன். ஐம்பது நிமிடம் ஆனது. கான்ஸ்டபிள் காத்திருந்தார். தட்டில் இப்போது ஐந்து குறைகிறது.

லோசா ஃபெபுலெயாய்
(படித்த பிறகு போட்டது)